சீட்டு இல்லாத காய்ச்சல்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் நம் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. அப்பாவின் உடல் வீட்டில் கிடக்க, மகள் பிளஸ் டூ தேர்வு எழுதப் போனாள். அவள் எழுதிவிட்டு வந்த பிறகுதான் பாடை கிளம்பியது. ஊர் மாறும், பாடம் மாறும், செய்தி மாறாது. படத்தில் சீருடையோடு அழுதபடி நிற்கும் பிள்ளை. கீழே அவளுடைய மன உறுதியைப் பாராட்டி இரண்டு வரி.

அந்தப் பிள்ளையின் உறுதியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று அவள் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் செய்தி ஒரு வரி சொல்லியிருக்கலாம். பள்ளித் தேர்வில் அதற்கு வழி இருக்கிறது. மார்ச்சில் விட்ட பாடத்தை அதே ஆண்டு கோடையிலேயே துணைத் தேர்வில் எழுதலாம், அந்த ஆண்டே கல்லூரியிலும் சேரலாம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும் நேரத்தில் வேதியியல் எழுதித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் கிடையாது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக்குப் போனால் நிலைமை இன்னும் இறுகிவிடுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து வந்தவை. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் பிரிந்து, சேர்ந்து, மறுபடி 2007இல் பிரிந்தது. மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், செந்துறை ஆண்டிமடம் பக்கத்து முந்திரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை என்று பிழைக்கும் ஊர்கள். இங்கே கலைக் கல்லூரிகளுக்குத் தலைமை 1982இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம். கல்லூரிகள் பக்கத்தில் வந்துவிட்டன. விடைத்தாளையும் விதியையும் ஆள்பவர்கள் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

விதியில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஒழுங்குமுறைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். விபத்து, நீண்ட மருத்துவமனை வாசம், குறிப்பிட்ட நோய் போன்ற காரணங்களால் 65 முதல் 74 வரை இறங்கியவர்களும் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, கல்லூரித் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பினால் எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். இது வருகைக்கான வழி.

இரண்டாவது வழி தேர்விலிருந்து விலகுவது. பிள்ளைகள் 'வித்டிராயல்' என்பார்கள், அதுவும் கேள்விப்பட்டவர்கள் மட்டும். உடல்நிலை சரியில்லை, வீட்டில் எதிர்பாராத நிலைமை போன்ற தக்க காரணம் இருந்தால், படிப்புக் காலம் முழுவதிலும் ஏதாவது ஒரு பருவத்தில், ஒரு பாடத்திலோ பல பாடங்களிலோ தேர்வு எழுதாமல் விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். அடுத்த பருவத்தில் எழுதினால் போதும். அப்படி விலகியதைத் தேர்வு எழுதித் தவறியதாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதல் முயற்சியிலேயே எல்லாவற்றிலும் தேறியவருக்குக் கிடைக்கும் 'டிஸ்டிங்ஷன்' தகுதியும் இதனால் போகாது. மூன்றாவது வழி ஓராண்டு வரை அனுமதியோடு படிப்பை நிறுத்திவைப்பது.

ஒரு குடும்பத்தின் நான்கு வருட உழைப்பைக் காப்பாற்றக்கூடிய விதிகள் இவை. என்றாலும் விலகல் விதிக்குள் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. தேர்வு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் வந்துவிட வேண்டும் என்பதே அது. அசாதாரண நிலைமைகளில் பத்து நாள் கெடு இல்லாமலும் தகுதி பார்த்து முடிவு செய்வோம் என்று அடுத்த வரியில் சேர்த்திருக்கிறார்கள். நியாயமான வரி. ஆனால் முதல் வரி வெளியே வரும், அடுத்த வரி அலுவலகத்துக்குள்ளேயே நின்றுவிடும். "பத்து நாளுக்கு முன்னாடியே குடுத்திருக்கணும்பா" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் சொல்லிவிட்டால், வெங்காயம் அறுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்த அம்மாவால் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

கலைக் கல்லூரிகளிலும் 75 விழுக்காடுதான் கோடு. அதற்குக் கீழே வந்தவர்கள் கட்டணம் கட்டி 'கண்டோனேஷன்' வாங்க வேண்டும். இந்தச் சொல்லை நான் நீண்ட நாளாக யோசித்துவந்திருக்கிறேன். அதன் பொருள் குற்றத்தைப் பொறுத்தருள்வது. மஞ்சள் காமாலை வந்து படுத்துக் கிடந்த பிள்ளை பணம் கட்டி மன்னிப்பு வாங்குகிறாள். என்ன தப்புச் செய்தாள் என்று மட்டும் எந்தப் படிவத்திலும் எழுதியிருக்காது.

கணக்கும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காட்டுக்குள் நிற்க 22 நாள்தான் வராமல் இருக்கலாம். 65 வரை இறங்க 31 நாள். பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைக்குப் பைக்கில் போகும்போது சறுக்கிக் காலை முறித்துக்கொண்ட பையனுக்குக் கட்டுப் பிரிக்கவே ஆறு வாரமாகும். வாரம் ஆறு நாள் கல்லூரி என்றால் 36 வேலை நாள் போயிற்று. அதுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பையனாக இருந்தாலும் அவன் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறான். நோய் எத்தனை நாள் எடுக்கும் என்று பார்த்து யாரும் இந்தக் கோட்டைப் போடவில்லை.

இனி சான்றிதழுக்கு வருவோம். எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லூரி கேட்பது மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள். நம் ஊர்களில் பல நோய்கள் தாள் இல்லாமலே வந்து தாள் இல்லாமலே போகின்றன.

அம்மையைப் பாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும், உறவுக்காரர்கள் உள்ளே வர மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கூடாது, ஊசி போடக் கூடாது என்பது இன்னும் பல வீடுகளில் மீறப்படாத கட்டுப்பாடு. நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வெளியே வரும். தேர்வுக் கூடத்துக்குக் கட்டாயம் போகக் கூடாத நோய் அது, போனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒட்டலாம். அதே நோய்க்குத்தான் மருத்துவர் சீட்டே இருக்காது. தழும்பு இருக்கும், தாள் இருக்காது. மஞ்சள் காமாலையும் அப்படித்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள், காமாலைக்கு மருந்து கொடுக்கும் வீடு என்று பேர் பெற்ற வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அந்தப் பெரியவர் சான்றிதழ் எழுதித் தர மாட்டார். நாட்டு மருந்து சரியா தவறா என்பது வேறு விவாதம், காமாலைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் பிள்ளை படுத்துக் கிடந்தது பொய் இல்லையே.

இன்னொன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்த் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா வேலைக்குப் போனால்தான் சாப்பாடு, தம்பி சின்னவன். மூத்த மகள்தான் போவாள். பதினைந்து நாள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பாள், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவாள், பரிசோதனைக்கு அம்மாவைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போவாள். வீடு திரும்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். கூட இருந்தவளுக்கு எந்தத் தாளும் கிடையாது. கல்லூரிப் பதிவேட்டில் அவள் பதினைந்து நாள் 'ஆப்சென்ட்'.

எதிர்ப்பக்கமும் உண்மைதான். காய்ச்சலே இல்லாமல் சான்றிதழ் வாங்கிவரும் பிள்ளைகள் உண்டு. பணம் கொடுத்தால் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு துறைத்தலைவர் முன் மேசையில் இருபது சான்றிதழ் கிடந்தால் எது மெய், எது பொய் என்று அவர் எப்படிப் பிரிப்பார்? ஆனால் இந்த ஏற்பாட்டில் தாள் கேட்பதால் பொய் குறையவில்லை. தாளை வாங்க முடிந்தவர் உள்ளே வருகிறார், நிஜமாகவே படுத்துக் கிடந்து தாள் இல்லாதவர் வெளியே நிற்கிறார். அவநம்பிக்கையின் பாரம் முழுவதும் ஏழைப் பிள்ளை தலையில் இறங்குகிறது.

மரணத்துக்குத் தாள் உண்டு, உண்மைதான். ஆனால் இறப்பைப் பதிவு செய்யச் சட்டமே 21 நாள் கொடுக்கிறது. அதற்குள் கருமாதியே முடிந்துவிடும். பருவத் தேர்வும் முடிந்துவிடும்.

இது புதிய சிக்கலும் அல்ல. கொள்ளிடத்துக்கு அக்கரையில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த ஒரு பையன், கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தான். வீட்டுக்குச் சொல்லாமல் தெலுங்குப் பக்கம் போய்ச் சுற்றித் திரும்பி வந்து மறுபடி கல்லூரிக்குப் போனான். வராத நாள்கள் அதிகமாகிவிட்டதால் 1905இல் அவனுக்கு வருகைச் சான்று கிடைக்கவில்லை. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். சில மாதத்தில் நோயில் விழுந்து ஊர் திரும்பினான். 1907 டிசம்பரில் தனித் தேர்வராக எழுதித் தோற்றான். சீனிவாச ராமானுஜன் கடைசிவரை இந்தியாவில் ஒரு பட்டம் பெறவில்லை.

நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது மேதையைத் தேர்வு அறியவில்லை என்று முடித்துவிடுகிறோம். வருகைக் குறைவும் நோயும் ஒரு பையனை அடுத்தடுத்து இரண்டு கல்லூரிகளிலிருந்து வெளியே தள்ளின என்ற பகுதி காதில் விழுவதில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியைத் தளர்த்த அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்திருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி கடிதம் எழுதிய பிறகு தெரிந்தது. குன்னத்திலிருந்து பி.காம். படிக்க வரும் பிள்ளைக்காக யாரும் அங்கிருந்து கடிதம் எழுதப் போவதில்லை.

பல்கலைக்கழகங்களுக்குத் தேர்வைத் தள்ளிவைக்கத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தேர்வுகள் தள்ளிப்போயின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் தள்ளிப்போயின. ஒரு மாலைக்குள் அறிவிப்பு வந்துவிடுகிறது, யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், அரியர் தேர்வுகளில் தேர்ச்சி என்றே அரசு அறிவித்தது. வழக்காகி, அது நிலைக்காமல் போனது. ஊர் முழுவதற்கும் வந்த துன்பத்துக்கு மனம் இளகும் அதே அலுவலகம், ஒரே வீட்டுக்கு வந்த துன்பத்துக்கு இறுகிக்கொள்கிறது. புயலுக்குத் தள்ளிவைத்த தாளை எழுதியவர்களின் மதிப்பெண் பட்டியலில் எந்தக் குறியும் கிடையாது. அப்பா செத்த நாளில் வராதவளுக்கு அரியர்.

தேர்வு அட்டவணைக்கும் நோயின் அட்டவணைக்கும் உள்ள பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். முதல் பருவத் தேர்வு பெரும்பாலும் நவம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டி டெங்கு ஏறும் நேரத்தில். இரண்டாவது ஏப்ரல், மே மாதங்களில், அம்மை போடும் வெயில் காலத்தில். எந்த ஆண்டும் சில பிள்ளைகள் கட்டாயம் படுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்படித் தெரிந்தும் அவர்களுக்கென்று ஓர் ஏற்பாடு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இதே சிக்கலை வேறு விதமாகச் சந்திக்கிறார்கள். யாழ்ப்பாணம் உள்ளிட்ட அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'மெடிக்கல் போடுவது' மாணவர் அனைவரும் அறிந்த சொல். குறித்த நாளுக்குள் கொடுத்த மருத்துவச் சான்றைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்காகும், முழுப் புள்ளிகளும் கிடைக்கும். ஏற்காவிட்டால் அது 'ரிப்பீட்'. எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு மேல் கிடைக்காது. அந்த ஏற்பாட்டிலும் தாள் தாள்தான். ஆனாலும் நோயால் வராதவருக்கும் படிக்காமல் தோற்றவருக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி போய், சில நாள் நோய்க்கு மாணவர் தானே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும் என்று வைத்திருக்கின்றன. ஓர் ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று அதற்கு எல்லை கட்டிவிடுகிறார்கள். பொய்யைத் தடுக்க அதுவும் ஒரு வழிதானே.

அங்கும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஒரு மாணவி, ஆள் முன்னால் நின்று பேச முடியாத கடும் பதற்ற நோயோடு வாய்மொழித் தேர்வுகளை எதிர்கொள்ள முடியாமல் 2018இல் உயிரை விட்டார். அவருக்குத் தேர்வு முறையை மாற்றிக் கொடுக்காதது சட்டப்படி தவறு என்று 2022இல் வந்த தீர்ப்பை 2024இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அவருடைய சிரமம் ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது, ஆனால் உரிய படிவம் வரவில்லை என்று காத்திருந்தார்கள்.

நம் நாட்டு நீதிமன்றங்களின் போக்கு நேர்கோடாக இல்லை. கருவுற்றிருந்ததால் வகுப்புக்கு வர முடியாத சட்ட மாணவிகளுக்கு 2010இல் தில்லி உயர் நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2018இல் அதே நீதிமன்றம் அதே போன்ற ஒரு கோரிக்கையை விதியைக் காட்டித் தள்ளியது. 2023 ஜனவரியில் கேரள அரசு, தன் பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு மாதவிடாய் விடுப்பைக் கணக்கில் கொண்டு 73 விழுக்காடு வருகை போதும் என்றும், மகப்பேற்றுக்கு 60 நாள் விடுப்பு என்றும் ஆணையிட்டது. வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்ட ஒரு சட்ட மாணவர் 2016இல் தில்லியில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நண்பர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்து, பிறகு தில்லி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம், வருகைக் குறைவை மட்டும் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என்று கூறியது. வருகை நிலவரத்தை வாராவாரம் அறிவிக்க வேண்டும், குறைந்தால் கூடுதல் வகுப்பு வைக்க வேண்டும் என்றும் சொன்னது. தண்டனைக்கு முன்னால் எச்சரிக்கையும் கை கொடுப்பதும் வர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சட்டக் கல்லூரிக்குப் பொருந்தும் இந்த நியாயம் மற்றக் கல்லூரிகளுக்கு ஏன் பொருந்தாது என்று எனக்கு விளங்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் உரிமையாகவே தந்திருக்கிறது. சட்டம் சொல்லும் 40 விழுக்காட்டு அளவை எட்டாத, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒருவருக்கும் எழுத ஆள் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நோயாளிக்கு உரிமை இல்லை, கருணை மட்டும்தான். கருணை என்றால் கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நோய் வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் போக வேண்டும். தாள் கையில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சான்றிதழ் பின்னால் வரும் என்று எழுதிவிட்டாலே போதும். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தப் பாடத்தின் தேர்வு, என்ன கேட்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிச் சீட்டும், மாத்திரை வாங்கிய ரசீதும்கூட ஆதாரம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை காட்டிவிட்டால் தேதியோடு ஒரு சீட்டு கிடைக்கும். அம்மை போட்ட வீட்டில் சாமி குற்றமாகிவிடும் என்று பயந்தால், கிராமச் சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லிப் பார்க்கச் செய்யலாம். விண்ணப்பத்தில் இரண்டு படி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பேச்சு வந்தால் அந்தக் கையெழுத்துதான் பேசும்.

இவ்வளவையும் காய்ச்சலில் கிடக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வகுப்பாசிரியர் செய்யலாம். மூன்று நாள் வராத பிள்ளை வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "என்னம்மா ஆச்சு, நீ ஒண்ணும் கவலைப்படாதே, ஒரு லெட்டர் மட்டும் தம்பிகிட்ட குடுத்து விடு" என்று சொல்லும் ஆசிரியர்கள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களாலேயே பல பிள்ளைகள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நல்ல ஆசிரியர் அமைவது அதிர்ஷ்டம். விதி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது. இறுதிப் பருவத்தில் ஒரே பாடத்தில் நின்றுபோனவர்களுக்குப் பல தன்னாட்சிக் கல்லூரிகள் உடனடித் தேர்வு வைக்கின்றன. நோயாலும் சாவாலும் விட்டவர்களையும் அதே கூடத்தில், அதே நாளில் உட்காரவைக்கலாம். புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அதுவரை செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரிகளில் தேர்வு அட்டவணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, அதன் அடியில் தமிழில் பெரிய எழுத்தில் இதையும் சேர்த்து ஒட்டலாம்: "உடம்பு முடியாமலோ வீட்டில் துக்கத்தாலோ தேர்வு எழுத முடியாத மாணவர்கள் விலகல் கேட்டு முதல்வர் வழியாக விண்ணப்பிக்கலாம். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். திடீரென்று நேர்ந்தால் பத்து நாள் கெடு இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், காரணம் பார்த்து முடிவு செய்வார்கள். அனுமதி கிடைத்து விலகினால் அது தேர்வு எழுதியதாகக் கணக்காகாது."